காப்புக் கட்டிய இருபதாம் நாள்

1943ஆம் வருடம் ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் என் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஜப்பான்காரர் ஆட்சி அது; ஆபீஸ் நாட்காட்டியில் அவர்கள் கணக்குப்படி அந்த வருடத்துக்கு 2603 என்று பெயர். கடிகாரங்களையும் டோக்கியோ மணிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பொழுது விடியுமுன்பே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதிவிடும். மணியையும் வருடத்தையும் நம்ப முடியாத காலம் என்பதால், நான் தமிழ் மாதத்தையும் கிழமையையும் வைத்தே எல்லாவற்றையும் குறித்து வந்தேன். கிழமையை எந்தச் சர்க்காரும் மாற்றவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில், செமிலிங்குக்கு உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிதான் தோட்டத்தை நடத்தினார். ரப்பர் பால் வாங்குவார் இல்லாததால், பாலுக்காகப் பட்டையைக் கீறி மரம் வெட்டுவது நின்றுபோயிருந்தது. பால் கொட்டகையில் எடை எழுதிக்கொண்டிருந்த என் கையில் சாங்கோல் மண்வெட்டியைக் கொடுத்து மரவள்ளி நடச் சொன்னார்கள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. மனைவியும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். நான் குடிகாரன்.

இதை இப்போது எழுதுவது எளிது. அப்போது அந்தச் சொல்லை நான் என்னைப் பற்றி நினைத்ததே இல்லை. புத்தகம் படிக்கிறவன், சுங்கைப் பட்டாணிக்குப் போனால் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வருகிறவன், எப்படிக் குடிகாரன் ஆவான்? சண்டை போட்டதில்லை, சாக்கடையில் விழுந்ததில்லை. ஆனால் நாள் குறிக்கும் நோட்டில், குடித்த நாளுக்கு ஒரு புள்ளி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த வருடம் சித்திரையிலிருந்து ஆனி முடிய புள்ளி இல்லாத நாள் ஒன்றைக்கூட நான் காணவில்லை.

ஆனிக் கடைசியில் ஒரு காலை கிராணி பெரட்டில் நின்று அறிவித்தார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும், எங்கள் தோட்டம் ஏழு பேர் கொடுக்க வேண்டும். முன்பு போனவர்கள் மூன்று மாதத்தில் திரும்புவார்கள் என்றார்கள். வைகாசியில் போனவர்களைப் பற்றி ஒரு வரிச் செய்தி வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"யார அனுப்புறதுன்னு எனக்கும் மனசு கஷ்டந்தான்," என்றார் கிராணி. "அதனால ஒரே கணக்கு. குடிச்சிட்டு வேலைக்கு ஆகாம நிக்கிறவன் பேர மொதல்ல எழுதுவேன். யாரும் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் வரிசையில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள்.

குடியை விட முயன்றவர்களுக்கு அந்த வட்டாரத்தில் அப்போது இரண்டு இடங்கள் இருந்தன.

ஒன்று கோயில். கோயில் தலைவர் எங்கள் கங்காணி. அவரும் பூசாரியும் சேர்ந்து, குடிப்பவர்களுக்கென்றே நாற்பத்தெட்டு நாள் காப்புக் கட்ட ஏற்பாடு செய்தார்கள். மஞ்சள் துண்டை நூலில் முடிந்து மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டியவன் குடிக்கக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, காப்பு அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மீறினால் அம்மன் கோபம் அவனோடு நிற்காது. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் முழுக்க அம்மை இறங்கும். கள்ளுக்கடைக்காரர்கூட மஞ்சள் கயிற்றைப் பார்த்தால் கும்பிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். இன்னொரு பலமும் இருந்தது. கங்காணி கிராணியிடம் நேரே போய்ச் சொல்லியிருந்தார்: "கயிறு கட்டுனவன் என் பொறுப்பு. அவன் பேர எழுதாதீங்க."

இன்னொன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆறு என்று சொல்வதெல்லாம் வழக்கம்தான். முழங்கால் ஆழத்து ஓடை, எங்கள் தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே எல்லை. அந்தக் கரையில், மூடிக் கிடந்த ரப்பர் புகைக்கூடத்தின் நிழலில், மாலையில் ஐந்து பேர் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரிப்பார்கள். ஐவரும் குடித்துக் கெட்டவர்கள். கூட்டம் கூடினால் ஜப்பான்காரன் பிடித்துப்போவான் என்பதால் கிழங்கு உரிப்பதாகப் பெயர். உண்மையாகவே உரிக்கவும் செய்தார்கள். கை சும்மா இருந்தால் வாய் திறக்காது என்பார் அவர்களைக் கூட்டிவைத்த முடிவெட்டுகிறவர். கை நடுங்கி, வேலையை மேற்பார்க்கும் ஒரு தண்டலின் காதை அறுத்துவிட்ட நாளில் அவர் குடியை நிறுத்தியவர். ஐவரில் இரண்டு பேர் இந்து, இரண்டு பேர் வேதக்காரர், ஒருவர் முன்பு பெடோங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். ஆகவே சாமி பேச்சு அங்கே கிடையாது. "செருப்ப வெளிய விடுற மாதிரி சாமியையும் கரையில விட்டுட்டு வாங்க; போகும்போது அவங்கவங்க சாமிய மாட்டிக்கிட்டுப் போங்க," என்பார் அவர். புத்திமதி சொல்லவும் கூடாது. எத்தனை நாளாகக் குடிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அப்புறம் நடந்ததைச் சொல்லலாம். அவ்வளவுதான் அங்கே சட்டம்.

ஆனி மாதத்தில் இரண்டு தடவை அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை, "ஒரு நாள்," என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியிலேயே குடித்தேன்.

என் மனைவிக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

"கெழங்கு உரிக்கிறதுக்கு ஒரு சபையா? இங்க உரிச்சா எனக்காவது ஒத்தாசையா இருக்கும்."

"அவங்க பேசுறதக் கேட்டா ஏதோ ஒரு தெளிவு வருது."

"தெளிவு வந்து என்ன பண்றது? நாளைக்கு லோரி வந்து நிக்கும்போது அந்த அஞ்சு பேரும் வந்து கிராணிகிட்டப் பேசுவாங்களா? கங்காணி பேசுவாரு. கயித்தக் கட்டிக்குங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

அவள் சொன்னதில் தவறு காண என்னால் முடியவில்லை. சாமி நம்பிக்கை எனக்குப் பாதிதான். படித்த கட்டுரைகள் மீதிப் பாதியைத் தின்றிருந்தன. ஆனாலும் கட்டிக்கொண்டேன். பக்தியினால் அல்ல, சயாமுக்குப் பயந்து. இதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கோயில் கூட்டத்தைக் குறைத்துச் சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன். காப்புக் கட்டியவர்கள் மொத்தம் ஒன்பது பேர். சாயங்காலம் விளக்கு வைத்ததும் கோயிலில் கூடுவோம். எனக்கு ஆகாத நேரம் அதுதான்; வெயில் இறங்கி இருட்டு வரும் நேரம், நாக்கு தானாக ஒட்டிக்கொள்ளும் நேரம். அந்த நேரத்தில் பாட்டுப் பாடுவோம். உடுக்கை அடிக்க ஒருவர் இருந்தார், அவரும் ஒன்பது பேரில் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மரம் வெட்டுவதில் கைகாரர். அவர் விரல் உடுக்கையில் விழுந்தால் என் தலைக்குள் இருந்த இரைச்சல் அடங்கிவிடும். பாடி முடித்து வெளியே வந்தால் அந்த நேரம் கடந்திருக்கும். இப்படிப் பத்தொன்பது நாள் போனது. நோட்டில் பத்தொன்பது வெள்ளைக் கட்டங்கள்.

பத்தொன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலம், லயத்துக் கடைசி வீட்டுப் பெண் தன் ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் மனைவியிடம் வந்தாள். பிள்ளையின் கழுத்தில் மூன்று நான்கு சிவப்புக் கொப்புளங்கள். "சூட்டுக் கொப்புளமாக்கா?" என்று கேட்டாள். "அப்படித்தான் இருக்கும், நாளைக்குப் பாப்போம்," என்றாள் என் மனைவி. அன்றைக்கு நடந்தவற்றோடு இதையும் நோட்டில் எழுதினேன். அது எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

மறுநாள் புதன்கிழமை, இருபதாம் நாள், நான் குடித்தேன்.

காரணம் என்று எதையும் சொல்ல முடியவில்லை. எல்லைக்கு உள்ளேயே, பள்ளத்துப் பக்கம், ஒரு சீனக் கிழவர் மரவள்ளி போட்டிருந்தார். கிழங்கிலிருந்து சம்சு காய்ச்சுவார் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களிடம் நடுகிற குச்சி தீர்ந்துபோய், அவரிடம் குச்சி வாங்கிவரத் தண்டல் என்னை அனுப்பினார். வாசனை வந்தது. சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டை மூடினேன். கயிறு முழுவதும் மறையவில்லை.

கிழவர் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார். "அம்மன் மாரா தா?" என்று மலாயில் கேட்டார். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று அர்த்தம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "ஒங்காளு இன்னொருத்தன் திங்கக்கெலமை வந்தான் லா. அதே கயிறு," என்றார்.

ஒன்பது பேரில் இன்னொருவனும் மீறிவிட்டான் என்று கேட்டதும் எனக்கு ஏற்பட்டது ஆறுதல். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு கோப்பை குடித்தேன், பிறகு இன்னொன்று. வெற்றிலையோடு கொய்யா இலையையும் சேர்த்து மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன். தலை வலிக்கிறதென்று சொல்லிக் கோயிலுக்குப் போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். என் மனைவி அடுப்படியில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

வியாழக்கிழமை பிள்ளையின் உடம்பு முழுவதும் முத்துப் போட்டுவிட்டது. சூட்டுக் கொப்புளம் இல்லை, அம்மைதான். கடைசி வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். காலை வேலை முடியுமுன்பே பேச்சு லயம் முழுக்கப் பரவிவிட்டது: காப்பு மீறப்பட்டிருக்கிறது. ஒன்பது பேரில் எவனோ குடித்திருக்கிறான். மதியம் பூசாரி வீடு வீடாக வந்து சொன்னார். நாளை வெள்ளிக்கிழமை, காப்புக்காரர்கள் ஒன்பது பேரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்து, "நான் செய்யவில்லை," என்று சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனின் வம்சம் விளங்காது என்பது நம்பிக்கை. எனக்குப் பாதி நம்பிக்கைதான் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பாதி முழுவதும் என் மகள்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. சத்தியம் செய்யாமல் உண்மையைச் சொன்னாலோ கயிற்றை அவிழ்ப்பார்கள். கங்காணியின் பொறுப்பு போய்விடும். திங்கட்கிழமை லோரி வருவதாகக் கிராணி அன்று காலைதான் சொல்லியிருந்தார். ஆறு பேர் எழுதியாகிவிட்டது, ஏழாவது ஆள் குறைகிறது என்றும் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம், கயிறு கட்டிய கையோடு ஓடையைத் தாண்டினேன். ஒன்றை மீறியவனுக்கு இரண்டாவது எல்லை பெரிதாகத் தெரியவில்லை.

ஐவரும் இருந்தார்கள். முடிவெட்டுகிறவர் ஒரு கிழங்கையும் கத்தியையும் என் பக்கம் தள்ளினார். வரிசையாக நாள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது.

"நேத்துக் குடிச்சேன்," என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, கிழவர், பிள்ளை, சூடம், லோரி. சொல்லி முடிக்கும்போது கிழங்கைத் தோலோடு சேர்த்துப் பாதியாகச் செதுக்கியிருந்தேன்.

"அண்ணே, நான் என்ன செய்யட்டும்? அத மட்டும் சொல்லுங்க."

"அது இங்க கெடையாது தம்பி."

"இது உயிர்ப் பிரச்சினைண்ணே."

"எல்லாருக்கும் உயிர்ப் பிரச்சினைதான். நான் பண்ணதச் சொல்லலாம், நீ பண்ண வேண்டியதச் சொன்னா, நாளைக்கு நீ குடிக்கிறதுக்கு நான் காரணமாப் போயிருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. இதற்காகவா எல்லையைத் தாண்டி வந்தேன் என்று எழுந்துவிட்டேன். அப்போது பழைய சாப்பாட்டுக்கடைக்காரர், கிழங்கிலிருந்து கண் எடுக்காமல் பேசினார்.

"நான் பண்ணதச் சொல்றேன், உக்காருங்க. எங்க வாப்பா கையில குர்ஆனக் குடுத்து, 'குடிச்சியா'ன்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். ஒண்ணும் ஆகல. இடி விழல, கண்ணு போகல. அன்னைக்கு ராத்திரியே மறுபடியும் குடிச்சேன். ஒண்ணுமே ஆகலயேன்னு குடிச்சேன். கடைய வித்துக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகல." கிழங்கைக் கூடையில் போட்டார். "அவ்வளவுதான் எங்கிட்ட இருக்கு."

உட்காரவில்லை. நன்றியும் சொல்லவில்லை. அப்படியே திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் கோயில் முன்னால் லயமே கூடியது. ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். நான் ஆறாவது. உடுக்கை அடிப்பவர் ஐந்தாவது. தட்டில் சூடம் எரிந்தது. முதல் நால்வரும் பட்டென்று அறைந்து, "நான் குடிக்கல, ஆத்தா மேல சத்தியம்," என்றார்கள். ஐந்தாவதாக உடுக்கை அடிப்பவர் கையை நீட்டினார். எத்தனையோ நாள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். தாளம் தப்பி அவை நடுங்கி நான் பார்த்ததில்லை. அன்று நடுங்கின. அவர் அறையவில்லை, சூடத்தின் மேல் கையை அழுத்தினார். அது சட்டென்று அணையாமல் சதை கருகும் வாடை வரும்வரை அழுத்தினார். சத்தியத்தையும் சொன்னார். திங்கட்கிழமைக்காரன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பூசாரி புதுச் சூடம் வைத்து என் முன்னால் தட்டை நீட்டினார். கை எழவில்லை.

"நான் குடிச்சேன்," என்றேன்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவி, "பாவி! பச்சப்புள்ள என்னடா பண்ணுச்சு ஒன்ன?" என்று மண்ணை வாரினாள். யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். கங்காணி தடுத்தார். அவர் முகம் அடிபட்ட மாதிரி இருந்தது.

"படிச்சவன்னு நெனச்சேன்டா. ஒன்ன நம்பி கிராணிகிட்ட வாய விட்டேன்."

கூட்டம் விலகி, பிள்ளையின் தாய் முன்னால் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அவள் அமைதியாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, எந்தக் கெழமை குடிச்சீங்க?"

நாள் விஷயத்தில் நான் தடுமாறுகிறவன் இல்லை என்பது லயத்துக்கே தெரியும். கல்யாணத் தேதி, சாவுத் தேதி எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். பிள்ளைக்குக் கொப்புளம் கண்டது செவ்வாய், நான் குடித்தது புதன். இந்த இரண்டு கிழமைகளைச் சொன்னால் பிள்ளையின் அம்மைக்கு நான் காரணமில்லை என்று அந்த இடத்திலேயே ஆகிவிடும். ஆனால் அவர்கள் கணக்குப்படி வேறு எவனோ காரணம் என்றும் ஆகிவிடும். எனக்கு வலப்பக்கம், கருகிய கையை வேட்டியில் மறைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

"ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். செவ்வாயும் அவளுக்குத் தெரியும், புதனும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. அது ஏன் என்று பிறகு நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பூசாரி கயிற்றை அறுத்தார்.

சனிக்கிழமை காலை கிராணி ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டு, என் முன்னாலேயே ஏழாவது பெயரை எழுதினார். "நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு," என்றார். நான் நேற்று முன்தினம் கேட்ட அதே கேள்வி.  வீட்டில் என் மனைவி ஒரு சாக்கைப் பிரித்துப் பை தைத்தாள்.  மகள் மட்டும் அந்தப் பைக்குள் இறங்கி உட்கார்ந்து விளையாடினாள். அந்த இரண்டு நாளும் குடிக்க எல்லா நியாயமும் இருந்தது. இனிமேல் குடிப்பதால் இழக்க எதுவுமில்லை. அதனாலேயே பயமாக இருந்தது. ஞாயிறு சாயங்காலம் ஓடையைத் தாண்டிப்போய், "நாலு நாள்," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு கூடைக் கிழங்கு உரித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை லோரி வந்தது. ஒரு ஜப்பான் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், ஒரு மலாய் மொழிபெயர்ப்பாளர். நாங்கள் ஏழு பேரும் மூட்டையோடு லயத்து முன்னால் நின்றோம். கிராணிக்கு முந்தின நாளே ஒரு கவலை வந்திருந்தது. அம்மை என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று, கடைசி வீட்டு வேப்பிலையை அவிழ்த்துவிடச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். பிள்ளையின் தாய் மறுத்துவிட்டாள். லோரி வந்து நின்ற பிறகும் தண்டல் ஓடிப்போய்க் கெஞ்சியது எங்களுக்குக் கேட்டது.

"ஒரு அர மணி நேரம் கழட்டி வையேன்டி, அப்புறம் கட்டிக்க."

"ஆத்தா உள்ள படுத்திருக்கா. அவ வாசல்ல கட்டுனத நான் எப்பிடிக் கழட்டுவேன்? ஒங்க கிராணிய வந்து கழட்டச் சொல்லுங்க, பாப்போம்."

சத்தம் கேட்டு அதிகாரி திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் வேப்பிலையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். அவர் இந்தப் பக்கத்துக்காரர், தமிழர் வீட்டு வாசல் வேப்பிலைக்கு அர்த்தம் தெரிந்தவர். "சாச்சார்?" என்று கிராணியிடம் கேட்டார். அம்மையா என்று.  மொழிபெயர்ப்பாளர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி நேராக நடந்துவந்து கிராணியை இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தார். கண்ணாடி தெறித்து விழுந்தது. அதற்குள் லோரியில் ஏறியிருந்த எங்கள் மூவரைச் சிப்பாய்கள் கீழே தள்ளினார்கள். வண்டியின் பின்பலகையைக் கழுவ ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவினார்கள். லோரி போய்விட்டது.

 பிறகு, ஏழு பேரில் இளையவனான ஒருவன், கல்யாணம் ஆகாதவன், மூட்டையைத் தூக்கி மேலே எறிந்தான்.

"டேய், இந்தண்ணன் ஒரு கொவளை குடிச்சாருடா, அம்மா எறங்கிட்டா! அம்மா எறங்குனதுல ஏழு பேரு தப்பிச்சோம்டா!"

சிரிப்பு வெடித்தது. வெள்ளிக்கிழமை மண்ணை வாரியெறிந்த கிழவியும் சிரித்தாள். என் கணக்குப்படி என் குடிக்கும் அம்மைக்கும் சம்பந்தமில்லை. பழியும் எனக்கு உரியதல்ல, இந்தப் புகழும் உரியதல்ல. அதை விளக்க அது நேரமில்லை. அதற்குள் அந்த இளைஞன் கள்ளுக்கடைப் பக்கம் ஓடி, மூங்கில் குவளையில் நுரை தளும்பத் தளும்ப எடுத்து வந்துவிட்டான்.

"ஒங்க கையிலதான் கயிறு இல்லயேண்ணே. அம்மாவே உத்தரவு குடுத்துட்டா. குடிங்க."

கள்ளின் வாடை மூக்கில் ஏறியது. கையை நீட்டினேன் என்பதையும் எழுதியாக வேண்டும். இரண்டு விரல் குவளையில் பட்டது. கங்காணியைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இனி நான் அவர் பொறுப்பு இல்லை. பூசாரி பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் அவருக்கும் என்னை அதட்ட உரிமை போய்விட்டிருந்தது. தடுக்க யாருமே இல்லாத அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

"கை நனையுது, தொடைங்க," என்றாள் என் மனைவி, பின்னாலிருந்து.

கையை எடுத்தேன். வேட்டியில் துடைத்தேன். மூட்டையை அவளிடம் கொடுத்தேன்.

"எங்க போறீங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"இந்தக் காலங்காத்தாலயா? அவங்க சாயங்காலந்தானே வருவாங்க."

"வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

"போங்க," என்றாள்.

சாயங்காலம் ஐவரும் வந்தபோது நான் ஏற்கனவே பாதிக் கூடை உரித்திருந்தேன். நாள் கேட்டார்கள். "அஞ்சு," என்றேன். அப்போதுதான் ஓடைக்கு எதிரே, எங்கள் தோட்டத்துக் கரையில் ஆள் நிற்பதைக் கண்டோம். உடுக்கை அடிப்பவர். கையில் துணி சுற்றியிருந்தது. அதற்கு மேலே மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தண்ணீர் ஓரம்வரை வந்து நின்றுவிட்டார். இறங்கவில்லை. காப்போடு எல்லையைத் தாண்ட அவரால் முடியாது; என்னைப் போல் பாதி நம்பிக்கைக்காரர் அல்ல அவர்.

முடிவெட்டுகிறவர் அந்தக் கயிற்றைப் பார்த்தார். பிறகு எழுந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். நாங்களும் எழுந்தோம். ஆறு பேரும் இந்தக் கரையில், தண்ணீர் காலை நனைக்கிற இடத்தில் உட்கார்ந்தோம். அவர் அந்தக் கரையில் உட்கார்ந்தார். நடுவே பத்தடி தண்ணீர்.

"எத்தன நாள்ணே?" என்று முடிவெட்டுகிறவர் கேட்டார்.

அவர் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க, தண்ணி எரைச்சல்ல கேக்கல."

அவர் திரும்பி லயத்தின் பக்கம் பார்த்தார். புகை எழும் கூரைகள் அங்கிருந்து தெரியும். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏழு நாள்!" என்று கத்தினார். "போன திங்கக்கெழமை குடிச்சேன். குடிச்சிட்டு, வெள்ளிக்கெழமை ஆத்தா முன்னால பொய்ச் சத்தியம் பண்ணேன்!"

மரங்களில் இருந்த குருவிகள் கலைந்து பறந்தன.  பழைய சாப்பாட்டுக்கடைக்காரர் ஒரு கிழங்கைப் பொறுக்கி, நல்லதா என்று பார்த்து, தண்ணீருக்கு மேலாக அவர் பக்கம் வீசினார். அவர் அதை இடது கையால் பிடித்தார். கத்தியை வீச முடியாது. அவர் கிழங்கின் முனையைக் கல்லில் தட்டி உடைத்து, நகத்தை உள்ளே கொடுத்து உரிக்கத் தொடங்கினார்.